மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாடு தன் பிள்ளைகளை ஏன் அனுப்பிவிடுகிறது?

ஜெர்மனி போவதற்காக நம் ஊரில் பி2 எனும் ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படிக்கும் செவிலியர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் குடிமக்கள் நாட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். அதிகம் பேர் போவது சுவிட்சர்லாந்துக்கு. பணத்தாசை என்று இவர்களைத் திட்டுவது அநியாயம். மருத்துவத் துறையைப் பாருங்கள், கசிவு பள்ளி முடிந்ததுமே தொடங்கிவிடுகிறது.

ஜெர்மனியில் மருத்துவ இடத்துக்குப் பள்ளி இறுதித் தேர்வில் ஏறக்குறைய முழு மதிப்பெண் வேண்டும். பல ஆண்டுகள் காத்திருந்து இடம் வாங்கும் பழைய வழியும் 2020-இல் போய்விட்டது. பிறகு பிள்ளைகள் என்னதான் செய்வார்கள்? ஆஸ்திரியாவில் 20 விழுக்காடு மருத்துவ இடங்கள் ஐரோப்பிய ஒன்றியத்தினருக்கு உண்டு. அங்கே மதிப்பெண் பார்ப்பதில்லை, ஜூலையில் நடக்கும் நுழைவுத் தேர்வுதான் கணக்கு. ஆனால் பதிவு மார்ச்சிலேயே முடிந்துவிடும். தவறினால் ஒரு வருடம் போச்சு. வெளிநாட்டில் படிப்பவர்களுக்கும் ஜெர்மன் அரசு உதவித்தொகை உண்டு, அதற்குச் சொந்த ஊர் அலுவலகத்தில் மனு கொடுத்துக் காலத்தை வீணாக்குபவர்களும் உண்டு. மனு போக வேண்டிய இடம் ஜெர்மனியிலேயே வேறு: ஆஸ்திரியாவில் படிக்க முனிச் மாநகர அலுவலகம், சுவிட்சர்லாந்தில் படிக்க ஆக்ஸ்பர்க். ஆறு மாதம் முன்பே கொடுங்கள். மனு கொடுத்த மாதத்துக்கு முந்தைய பணம் கிடைக்காது.

படித்து முடித்தவர்களை சுவிஸ் மருத்துவமனைகள் அள்ளிக்கொள்கின்றன. அங்குள்ள மருத்துவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். படிக்க இடம் கூட்டாமல் ஜெர்மனி பற்றாக்குறை என்று புலம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

கிளம்புபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் காப்பீட்டில். சுவிஸ் போனால் 14 நாளுக்குள், அதுவும் வேலையில் சேரும் முன்பே, உள்ளூரில் பதிய வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு. அதை இலவச மாதங்களாக நினைக்காதீர்கள், பிரீமியம் வந்த நாளிலிருந்தே வசூலாகும். ஜெர்மன் பொதுக் காப்பீட்டில் சம்பளமில்லாத துணையும் குழந்தைகளும் இலவசமாகச் சேர்வார்கள். சுவிஸில் தலைக்குத் தலை தனிப் பிரீமியம். தனியாளுக்கு லாபமாகத் தெரியும் சம்பளம் நாலு பேர் குடும்பத்துக்கு அப்படி இருக்காது.

பலரும் பயப்படும் ஓய்வூதியம்தான் உண்மையில் எளிது. ஜெர்மனியில் கட்டியது வீணாவதில்லை. ஜெர்மன் ஓய்வூதியத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஐந்து ஆண்டுகளில் சுவிஸ் ஆண்டுகளும் சேரும். அந்தந்த நாடு தன் பங்கைத் தனியே தரும்.