ஸ்ட்ரைக்கரா ஆடி ரெண்டு கோல், ஆனா அவன் ஸ்ட்ரைக்கர் இல்லையாம்!

நாலு நாளாச்சு, இன்னும் ஆறல.

நான் ஆடறது இங்கிலாந்து பிரீமியர் லீக் ஃபுட்பாலோட ஃபேன்டசி கேம். நிஜ ஆட்டக்காரங்களைப் பொறுக்கி டீம் போடணும், அவங்க மைதானத்துல ஆடறதுக்கேத்த புள்ளி நமக்கு. சனிக்கிழமை என் டீம்ல இறக்கின ஒரே ஃபார்வர்டு ஆடவே இல்லை. டெட்லைன் முடிஞ்சு லைனப் வந்தப்புறம்தான் தெரியுது, ஆள் ஸ்குவாடுலயே கிடையாது. சரி, பெஞ்ச்ல முதல் இடத்துல ஒரு மிட்ஃபீல்டர் இருக்கானே, தானா உள்ள வந்துடுவான்னு நிம்மதியா டீயைக் குடிச்சேன். எதிரணி பலமா இருக்கேன்னு பயந்து நானேதான் அவனை வெளியில வெச்சிருந்தேன். படுபாவி, ரெண்டு கோல் அடிச்சான். போனஸ் 3. மொத்தம் 15 புள்ளி.

எந்த இடத்துல ஆடி அடிச்சான்? சென்டர் ஃபார்வர்டா, அதாவது ஸ்ட்ரைக்கரா! ஒரு மாசமா அவன் கிளப்புல நம்பர் 9 வேலையை அவன்தான் பார்க்கறான். ஆனா பிரீமியர் லீக் ஃபேன்டசி கணக்குல அவன் மிட்ஃபீல்டர். பதினொரு பேர்ல ஒரு ஃபார்வர்டாவது இருந்தே ஆகணும்ங்கறது விதி. நான் போட்டிருந்தது 5-4-1, அதாவது அஞ்சு டிஃபெண்டர், நாலு மிட்ஃபீல்டர், ஒரு ஃபார்வர்டு. இருக்கற ஒரு ஃபார்வர்டு ஆடலைன்னா, இன்னொரு ஃபார்வர்டுதான் உள்ள வர முடியும். பெஞ்ச்ல இருந்த ரெண்டு ஃபார்வர்டும் கேம் காசை மிச்சம் பிடிக்க 4.5 மில்லியனுக்கு வாங்கிப் போட்டவங்க. களத்துல கால் வெச்சே மாசக்கணக்காகுது. ஆக, வீட்டுல படுத்திருந்தவன் பூஜ்யத்தோட என் பதினொண்ணுல. ஸ்ட்ரைக்கரா ஆடி ரெண்டு கோல் அடிச்சவன் பெஞ்ச்ல. ஆளு எதிர்லயே நிக்கறான், கார்டுல பேர் இல்லை, அரிசி கிடையாதுங்கற கதைதான்.

ஏன்டா 5-4-1 போட்டேன்னு கேப்பீங்க. 2025-26ல புது விதி கொண்டுவந்தாங்களே, டிஃபெண்டர் ஒரு மேட்ச்ல டேக்கிள், பிளாக், கிளியரன்ஸ், இன்டர்செப்ஷன்னு தடுப்பு வேலை எல்லாம் சேர்த்து 10 பண்ணினா 2 புள்ளின்னு. அதுக்கு ஆசைப்பட்டு அஞ்சு டிஃபெண்டரை அடுக்கினேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும், அது தனிக்கதை.

இதுல எனக்கு எரியறது எங்கேன்னா, எங்க குரூப்புல ஒருத்தர் இருக்கார், எப்பப் பார்த்தாலும் “ரெண்டு இடத்துல ஆடறவனாப் பார்த்து எடு தம்பி, அதான் ஸ்ட்ராட்டஜி”ம்பார். அண்ணே, இந்த ஆட்டத்துல ரெண்டு இடம்னு ஒண்ணே கிடையாதுண்ணே! சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு முத்திரை குத்துவாங்க, அடுத்த மே மாசம் வரைக்கும் அதை அழிக்க மாட்டாங்க. நம்மால முடிஞ்சதெல்லாம் முத்திரை தப்பா விழுந்தவனைத் தேடறதுதான். 2019-20ல ஷெஃபீல்டு யுனைடெட்டோட லண்ட்ஸ்ட்ராம் அப்படிக் கிடைச்சார். ஆடறது நடுக்களத்துல, முத்திரை டிஃபெண்டர், விலை 4 மில்லியன். டிஃபெண்டர் கோலுக்கு 6, கோல் வாங்காம முடிச்சா இன்னொரு 4. பர்ன்லிக்கு எதிரா ரெண்டு கோல் அடிச்சு ஒரே மேட்ச்ல 21 புள்ளி. அடுத்த சீசன்ல மிட்ஃபீல்டர்னு மாத்திட்டாங்க, கதை முடிஞ்சது.

லிவர்பூலோட சலா மட்டும் 2025-26லயும் மிட்ஃபீல்டர்! 2024-25ல 29 கோல். ஃபார்வர்டுன்னா கோலுக்கு 4, மிட்ஃபீல்டர்னா 5. கோல் கணக்குல மட்டும் முத்திரை கொடுத்தது 29 புள்ளி கூடுதல். ஆனா பாதிப் பேர் டீம்ல அவர் இருந்தப்ப எனக்கு அதுல என்ன லாபம்?

முத்திரையை மட்டும் நம்பினா அதுக்கும் அடி விழும். 2019-20ல ஆர்சனலோட ஆபமயாங் ஃபார்வர்டா 22 கோல் அடிச்சார். அடுத்த சீசன் 12 மில்லியன் விலையோட மிட்ஃபீல்டர்னு போட்டதும் ஊரே குதிச்சது. கடைசியில 10 கோல். ஹாவர்ட்ஸ் கதை இன்னும் நல்லா இருக்கும். 2023-24ல மிட்ஃபீல்டர்னு பேர், பிற்பாதியில ஆர்சனலுக்கு ஆடினது ஸ்ட்ரைக்கரா. அதைக் கண்டுபிடிச்சு நாம கொஞ்சம் சுகப்பட்டதும், அடுத்த வருஷம் ஃபார்வர்டு பட்டியலுக்குத் தூக்கிட்டாங்க.

ஆஸ்திரேலியாக்காரன் அவன் ஊர் ஃபுட்பால் ஃபேன்டசில ஒருத்தனுக்கே ரெண்டு இடம் கொடுக்கறான். சீசன் நடுவுல ஆள் இடம் மாறி ஆடினா புது இடத்தையும் சேர்த்துவிடறான். காயம்பட்டவன் இடத்துக்கு அவனை நகர்த்தி, காலியான இடத்துல இன்னொருத்தனை வாங்கலாம். அதுக்குப் பேரு ஸ்ட்ராட்டஜி! அமெரிக்கன் ஃபுட்பால் ஃபேன்டசில இதோட கூத்தே நடந்தது. 2020 நவம்பர்ல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு டெய்சம் ஹில் குவார்ட்டர்பேக்கா (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர்) இறங்கினார், ஒரு பெரிய ஃபேன்டசி தளத்துல அவர் டைட் எண்டாவும் (பந்தைப் பிடிக்கற, தடுக்கற இடம்) செல்லுபடியானார். குவார்ட்டர்பேக் அள்ளற புள்ளி டைட் எண்ட் இடத்துல கிடைச்சா விடுவாங்களா? எதிரணிக்காரன் எல்லாம் கத்தித் தீர்த்தான். கத்தட்டும்! அங்க ரெண்டு இடம் இருக்கப் போய்த்தானே சண்டை. எனக்குச் சண்டை போடக்கூட வழியில்லை, பெஞ்ச்ல 15ன்னு காட்டிட்டு நிக்குது.

அந்த வாரம் நான் தோத்தது 9 புள்ளியில. தோத்தவன் பிரியாணி வாங்கணும், எட்டுப் பேர். பில் கொடுக்கறப்ப அண்ணன் லெக் பீஸைக் கடிச்சுக்கிட்டே சொல்றார், “அந்த மிட்ஃபீல்டரை ஃபார்வர்டா போட்டிருக்கலாம்ல தம்பி?”