"எடிட்டுன்னு எல்லாருக்கும் தெரியும்தானே" என்பவர்களுக்கு

ஒரு பெண்ணின் உடம்பைக் கம்ப்யூட்டரில் மாற்றி ஒரு பத்திரிகை அச்சிட்ட அந்த அட்டைப்படத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாரம் முழுக்க எல்லாரும் அதையேதான் பேசுகிறீர்கள், என் பங்குக்கும் எதற்கு என்று விட்டிருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி ஒரு நண்பரின் பதிவுக்குக் கீழே நான் போட்ட நாலு வரிக்கு வந்த பதில்களைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

எந்தப் படம் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே போட மாட்டேன். எல்லாரும் பகிர்வதில் பத்திரிகை அச்சிட்டது ஒரு பக்கம், எங்கிருந்தோ கசிந்த ஒரிஜினல் இன்னொரு பக்கம், நடுவில் ஒரு கோடு. ஒரிஜினலில் அந்தப் பெண்ணுக்கு இடுப்பில் ஒரு மடிப்பு இருக்கிறது. கையை உடம்போடு ஒட்டி வைத்திருப்பதால் மேல்கை கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது. தொடையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், கண்ணுக்குக் கீழே கருமை. அவ்வளவுதான். உடம்பு என்று ஒன்று இருந்தால் இருக்கக்கூடியவை. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. "ஏமாத்திட்டாளே", "இதுக்கா இவ்ளோ பில்டப்பு". ஏமாற்றினாளாம்! கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த இடுப்பை உள்ளே தள்ளியது அவளா? அவளைக் கேட்டுச் செய்தார்களா என்பதுகூட நமக்குத் தெரியாது. மாற்றியவர் ஒருவர், மாற்றச் சொன்னவர் ஒருவர், அச்சிட்டு விற்றவர் ஒருவர், திட்டு மட்டும் அவளுக்கு. இதைத்தான் நான் அங்கே எழுதினேன்.

வந்த பதில்கள் இரண்டு விதம். ஒன்று, "அக்கா, உங்களுக்குப் பொறாமை". அதை விடுங்கள், பிறகு வருகிறேன். இரண்டாவது விதம்தான் என்னை எழுத வைத்தது. ரொம்ப மரியாதையாக, படித்தவர்கள், என் நண்பர்களில் சிலரும்கூட, "எடிட்டுன்னு எல்லாருக்கும் தெரியும்தானே, இதைப் போய்ப் பெரிசு பண்றீங்களே" என்கிறார்கள். தெரிந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக இவர்கள் நம்புகிறார்கள். தீரவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

பேய்ப்படத்தில் வருவது மேக்கப் என்று தெரியாதவர் யார்? இருந்தும் வீட்டுக்கு வந்து விளக்கை அணைக்க யோசிக்கிறோமே. கண் பார்த்த வேகத்தில் மனசு ஒப்பிட்டு முடித்துவிடுகிறது, அறிவு அப்புறம்தான் வந்து சேர்கிறது.

இது என் கற்பனை இல்லை. விளம்பரப் படத்தில் மாடலை ஒல்லியாகக் காட்ட எடிட் செய்திருந்தால் அதைப் படத்திலேயே சொல்ல வேண்டும் என்று இஸ்ரேல் 2012-இல் சட்டம் போட்டது. பிரான்சில் 2017 அக்டோபர் முதல் உடம்பின் வடிவத்தை மாற்றிய விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்று எழுதியாக வேண்டும், மீறினால் 37,500 யூரோ வரை அபராதம். நார்வேயில் 2022 ஜூலை முதல், காசு வாங்கிக்கொண்டு சமூக வலைதளத்தில் விளம்பரம் செய்கிறவர்களுக்கும் அதே விதி. நல்ல சட்டங்கள்தான். நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த வாசகத்தைப் போட்டுக் காட்டினால் பெண்களுக்குத் தங்கள் உடம்பின் மேலுள்ள அதிருப்தி குறைகிறதா என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான சோதனைகளில் குறையவில்லை. எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதி வைத்தால், பார்ப்பவரின் கண் நேராக அந்தப் பாகத்துக்கே போகிறது என்றுகூடக் கண்டிருக்கிறார்கள். இதற்கு மேலும் "தெரியும்தானே" என்றால் நான் என்ன சொல்வது?

சரி, ஆய்வை விடுங்கள். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் அக்கா மகளுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு விண்ணப்பத்துக்காகப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு நான்தான் கூட்டிப் போனேன். எடுத்தவர் எங்களைப் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தார். முகம் திரையை நிறைத்தது. உதட்டுக்கு மேலே இடது பக்கம் அவளுக்கு ஒரு மச்சம் உண்டு, பிறந்ததிலிருந்து இருப்பது. ஒரே க்ளிக், போய்விட்டது. நெற்றியில் இருந்த பருக்கள் போயின. அப்புறம் லிக்விஃபை என்ற ஒன்றைத் திறந்தார். பெரிய வட்டமாக ஒரு பிரஷ், அதைத் தாடை ஓரத்தில் வைத்து உள்பக்கமாக மெல்லத் தள்ளினால் சதை பின்வாங்குகிறது. இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். மூக்கின் இரண்டு பக்கமும் கொஞ்சம். கழுத்தில் இருந்த ரேகை மறைந்தது. கடைசியில் நிறத்தைக் கூட்டினார், வெளிச்சத்தை இல்லை, அவளுடைய நிறத்தை. எல்லாம் ரொம்பப் பழகிய கை, பேசிக்கொண்டே செய்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம் பண்றீங்க?" என்றேன். அவருக்கு நான் கோபப்படுவதே புரியவில்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம் பண்ணித் தர்றோம், யாரும் வேணாம்னு சொன்னதில்லையே" என்றார். பழையபடி மாற்றச் சொன்னேன். மச்சத்தைத் திரும்பக் கொண்டுவர மௌஸை நகர்த்தினார். அப்போது இவள் என் கையைப் பிடித்தாள். "இருக்கட்டும் சித்தி. இது நல்லாத்தான் இருக்கு."

அவளுக்குத் தெரியாதா? அவள் கண் முன்னால்தானே நடந்தது! ஒவ்வொரு தள்ளலையும் பார்த்தாள். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் இதைவிடத் தெளிவாக "இது எடிட்" என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பிறகு குடும்பப் படங்களில் அவள் எப்படி நிற்கிறாள் என்று கவனித்தேன். முகத்தை எப்போதும் ஒரே பக்கமாகத் திருப்புவாள், திருப்ப முடியாத இடத்தில் ஒரு விரல் உதட்டுக்கு மேலே போய்விடும். அதற்கு முன் அந்த மச்சத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அது ஒரு குறை என்றே அவளுக்குத் தெரியாது, அந்த க்ளிக்தான் சொல்லிக்கொடுத்தது. இப்போது சொல்லுங்கள், தெரிந்திருந்தால் போதுமா?

அடுத்து நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கலரைச் சரி பண்ணுவதும் எடிட்தான், தூசியை எடுப்பதும் எடிட்தான், கோடு எங்கே போடுவீர்கள் என்பீர்கள். நியாயமான கேள்வி. கேமரா பார்ப்பதும் கண் பார்ப்பதும் ஒன்றல்ல, வெளிச்சத்தைச் சரி செய்யாமல் எந்தப் படமும் அச்சுக்குப் போகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோடு போடவே முடியாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். போட்டிருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவில் ஜூலியா ப்ளூம் என்ற பதினான்கு வயதுப் பெண், டீன் ஏஜ் பெண்களுக்கான செவன்டீன் பத்திரிகை மாதம் ஒரு பக்கமாவது திருத்தாத படங்களைப் போட வேண்டும் என்று கையெழுத்து வாங்கினாள். 80,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பெண்களின் உடம்பு வடிவத்தையும் முக வடிவத்தையும் மாற்ற மாட்டோம் என்று அந்தப் பத்திரிகை எழுதியே கொடுத்தது. படங்களை விற்கும் கெட்டி நிறுவனமும் 2017 அக்டோபரிலிருந்து, மாடலை ஒல்லியாகவோ பருமனாகவோ மாற்றிய படங்களை வாங்குவதில்லை என்று அறிவித்தது. வெளிச்சத்தைத் தொடு, தூசியைத் தொடு, எலும்பையும் சதையையும் தொடாதே. இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஒரு சின்னப் பெண்ணால் போட முடிந்த கோட்டை, அனுபவம் உள்ள ஆசிரியர்களால் போட முடியாதாம்.

"அந்தப் பொண்ணுக்கே ஆட்சேபணை இல்லையே, உங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆட்சேபிக்கும் நிலையில் அவள் இருக்கிறாளா என்று யோசித்தீர்களா? நடிகை கேட் வின்ஸ்லெட் 2003-இல் ஜிக்யூ பத்திரிகை அட்டையில் தன் கால்களை ஒல்லியாக்கியதைப் பார்த்து, நான் இப்படி இல்லை, இப்படி இருக்க ஆசைப்படவும் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நடிகை ஸெண்டாயா 2015-இல், ஒரு பத்திரிகை தன் இடுப்பையும் மேலுடம்பையும் மாற்றிவிட்டது என்று இரண்டு படங்களையும் தானே போட்டார். நடிகை லுபிடா நியோங்கோ 2017-இல், அட்டைப்படத்தில் தன் சுருள்முடியை எடிட்டில் வெட்டி, மீதியை வழுவழுப்பாக்கிவிட்டார்கள் என்று எழுதினார், எடுத்த புகைப்படக்காரர் மன்னிப்புக் கேட்டார். இவர்கள் எல்லாம் பேர் வாங்கியவர்கள். பேசினால் உலகம் கேட்கும், அடுத்த வாய்ப்பும் வரும். முதல் அட்டைப்படத்திலேயே "ஏன் என் இடுப்பை மாத்தினீங்க" என்று கேட்கிற புதுப்பெண்ணுக்கு இரண்டாவது அட்டைப்படம் யார் தருவார்கள்?

"ஆம்பளைங்களுக்கும் சிக்ஸ் பேக் வரையறாங்களே" என்றும் வந்தது. வரைகிறார்கள். அதுவும் தப்பு. எழுதுங்கள், முதலில் ஷேர் செய்வது நானாக இருப்பேன். ஆனால் பெண் ஒருத்தி வலிக்கிறது என்று சொல்லும்போது மட்டும் உங்களுக்கு ஆண் பிள்ளைகளின் வலி ஞாபகத்துக்கு வருகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்று: "பொண்ணுங்க மனசை உறுதியா வச்சுக்கணும்." இதைப் படித்ததும் நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஃபிஜி தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995-இல்தான் தொலைக்காட்சி வந்தது. நல்ல சதைப்பிடிப்பான உடம்பைத்தான் அழகு என்று கொண்டாடிய ஊர் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் தொலைக்காட்சி வந்த புதிதில் அங்கே பள்ளிப் பெண்களிடம் கேட்டபோது, எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-இல் அவர் மறுபடி கேட்டபோது 11.3 சதவீதம் பேர் அப்படிச் சொன்னார்கள். வெறும் மூன்று வருடம். அந்தப் பெண்களுக்கு மனசு உறுதியாக இல்லையா? பாட்டி, அம்மா, ஊர் என்று மொத்தக் கூட்டமும் "சாப்பிடு, நன்றாக இருக்கிறாய்" என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள். அதையே ஒரு பெட்டி மாற்றிவிட்டது என்றால், படுக்கையில்கூடப் பிரியாத போனை வைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் எந்த உறுதியோடு நிற்க வேண்டும்?

இப்போது அட்டைப்படம் வரைக்கும்கூடப் போக வேண்டாம். போனைத் திறந்து கேமராவைத் தன் பக்கம் திருப்பினாலே போதும், பெரிய கண்ணும் சின்ன மூக்கும் வழுவழுப்பான தோலுமாக இன்னொருத்தி அங்கே நிற்கிறாள். 2023-இல் டிக்டாக்கில் வந்த போல்டு கிளாமர் ஃபில்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோனாலும் அது கலையவில்லை. முன்பு மாடலோடு ஒப்பிட்டார்கள், இப்போது தன்னோடு தன்னையே ஒப்பிட்டுத் தோற்கிறார்கள். "அவங்களே ஃபில்டர் போடுறாங்களே" என்று குத்திக் காட்டுபவர்களிடம் கேட்கிறேன்: போடாத முகம் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று இந்த வாரம் அந்தப் பெண்ணை வைத்து நீங்கள்தானே காட்டினீர்கள்? அதைப் பார்த்த பிறகு எந்தப் பெண் தைரியமாக ஃபில்டரை எடுப்பாள்? இன்ஸ்டாகிராம் நடத்துகிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. டீன் ஏஜ் பெண்களில் மூன்றில் ஒருவருக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய சங்கடத்தை நாம் அதிகமாக்குகிறோம் என்று அந்த நிறுவனத்தின் உள்ஆவணத்திலேயே இருந்தது 2021-இல் வெளியே வந்தது. அவர்களுக்கும் 'தெரிந்துதான்' இருந்தது.

பொறாமை என்று எழுதிய தம்பிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் ப்ரொஃபைல் படத்தை எடுத்து அங்கே போட்டு, "மொதல்ல நீங்க குறைங்க, அப்புறம் பேசுங்க" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் சிரிப்பு எமோஜி விழுந்திருக்கிறது, அதில் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருக்கின்றன. வலித்தது. வலிக்கவில்லை என்று நடிக்க எனக்கு விருப்பமில்லை. இந்த வயதில், இவ்வளவும் படித்த எனக்கே கண்ணாடி முன் போய் நின்று பார்க்கத் தோன்றியது. பதினேழு வயதில் ஒருத்தி இதைப் படித்தால் அவளுக்கு என்ன ஆகும் என்று உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஒரு பெண் பேசுவதற்கு அவள் இடுப்பளவா தகுதி? பார்க்க நன்றாக இருந்தால் பொய், இல்லாவிட்டால் பொறாமை, பிறகு எந்த உடம்போடுதான் நாங்கள் வாயைத் திறப்பது?

அந்தப் பத்திரிகையிலிருந்து இதுவரை ஒரு வரி விளக்கம் வரவில்லை. படம் யார் சொல்லி மாற்றப்பட்டது, அவளிடம் கேட்டார்களா, ஒரிஜினல் எப்படி வெளியே போனது, இந்த மூன்றையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்பதானால் அவர்களைக் கேளுங்கள். நான் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன், நீங்களும் அனுப்புங்கள், முகவரி அவர்கள் பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த இரண்டு படங்களையும் ஒட்டிப் போட்டவர்கள், ஆதரவாகப் போட்டிருந்தாலும் சரி, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். இந்தப் பதிவுக்குக் கீழே யாராவது போட்டால் நீக்கிவிட்டு ப்ளாக் செய்வேன். நண்பர், சொந்தக்காரர் என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.