மழை பெய்யாத நாளில் அந்த இடம் என்ன செய்கிறது?

1995 ஜூலையில் சிகாகோவை ஒரு வெப்ப அலை தாக்கியது. சில நாட்கள்தான் நீடித்தது. ஆனால் வழக்கமாக அந்த நாட்களில் இறப்பவர்களைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதில் நிறையப் பேர் பூட்டிய வீட்டுக்குள் தனியாகக் கிடந்த முதியவர்கள். அந்த மரணங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க், ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல். இரண்டிலும் ஒரே வெயில். ஏழைகளாகவும் தனியாகவும் வாழும் முதியவர்களின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வடக்கில் லட்சம் பேருக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் நான்குக்கும் குறைவு.

காரணத்தைத் தேடிப் போனவர் தெருவைப் பார்த்தார். தெற்குப் பகுதியில் கடைகள் நெருக்கமாக இருந்தன, நடைபாதையில் எப்போதும் ஆள் நடமாட்டம் இருந்தது. வயதானவர்கள் காய்கறி வாங்கவாவது தினமும் வெளியே வந்தார்கள். ஒருவரை இரண்டு நாள் காணோம் என்றால் யாராவது கவனித்தார்கள். வடக்கில் ஆலைகள் மூடி, பின்னாலேயே கடைகளும் போய், காலி மனைகளும் பயமும்தான் மிச்சம். முதியவர்கள் கதவைத் திறக்கவே அஞ்சினார்கள். ஆக, அந்த வாரம் தெற்கில் உயிர்களைக் காப்பாற்றியதில் சாதாரண மளிகைக் கடைக்கும் பங்கு இருந்தது. அந்தக் கடையை எந்தப் பேரிடர் திட்டத்திலும் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

நகரத்தின் மீள்திறன், அதாவது நெருக்கடியைத் தாங்கி மீண்டு எழும் திறன் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. நம் பேச்சு உடனே சுவர், மோட்டார், வடிகால், கிடங்கு என்று போய்விடுகிறது. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தவரை, படித்தவரை, நெருக்கடியில் கைகொடுப்பவை பெரும்பாலும் மற்ற நாட்களிலும் மக்கள் கைபடும் விஷயங்கள்தான். ஒரு இடத்தையோ ஒரு வழக்கத்தையோ தினமும் யாராவது பயன்படுத்தினால்தான் அது கெடாமல் இருக்கிறது, கெட்டாலும் உடனே தெரிகிறது. வருஷம் முழுக்கப் பூட்டி வைத்துவிட்டு வெள்ளத்தன்று திறந்தால் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

கோபன்ஹேகன் இதை நன்றாகப் புரிந்துகொண்ட நகரம். 2011 ஜூலை 2 அன்று அங்கே இரண்டு மூன்று மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரமே மூழ்கியது. வெறுமனே குழாய்களைப் பெரிதாக்குவது என்று அவர்கள் முடிவெடுத்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தெருக்களையும் பூங்காக்களையும் தண்ணீர் வந்து தங்கிப் போகும் இடங்களாக மாற்ற ஆரம்பித்தார்கள். எங்கவே என்ற பழைய பூங்காவைச் சுற்றித் தாழ்வான சுவர் எழுப்பி, நடுவே விளையாட்டுத் திடலைப் பள்ளமாக்கினார்கள். பெருமழை வந்தால் அது 2.26 கோடி லிட்டர் நீரைத் தாங்கும். வராத நாளில் குழந்தைகள் பந்து விளையாடுவார்கள், பெரியவர்கள் அந்தச் சுவர் மேலேயே உட்கார்ந்து பேசுவார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013-ல் திறந்த பெந்தெம் சதுக்கமும் இதே மாதிரிதான். சுமார் 17 லட்சம் லிட்டர் மழைநீரைப் பிடிக்கும் இடம், வெயில் நாளில் கூடைப்பந்து மைதானம். அதை வடிவமைக்கும்போது பக்கத்துக் கல்லூரி மாணவர்களை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். நான் இதை ஒரு மரியாதைச் சடங்காகப் பார்க்கவில்லை. தங்கள் யோசனையும் கலந்து உருவான மைதானத்தில் குப்பை அடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் புகார் செய்வார்கள். வேலி போட்டு மறைத்த நீர்த்தொட்டிக்கு யார் புகார் செய்வார்கள்?

ராட்டர்டாம் அருகே உள்ள மாபெரும் கடல் தடுப்புக் கதவைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். அது அபூர்வமாகத்தானே மூடப்படுகிறது என்று. உண்மைதான். ஆனால் அதையும் ஆண்டுக்கொரு முறை சோதனைக்காக மூடிப் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், அந்த நாட்டில் நீர் வாரியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. தங்களுக்கென்று தேர்தல், தங்களுக்கென்று வரி. எண்ணூறு வருஷமாக, கரையைப் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. கதவை விலை கொடுத்து வாங்கிவிடலாம், அந்தப் பழக்கத்தை வாங்க முடியாது.

சரி, உணவுக்கு வருகிறேன். என் கவலை இதில்தான் அதிகம். தண்ணீருக்கு ஒரு துறை, குப்பைக்கு ஒரு துறை, சாலைக்கு ஒரு துறை என்று வைத்திருக்கும் பெரும்பாலான நகர நிர்வாகங்களில் உணவுக்கு என்று ஒரு நாற்காலிகூட இருக்காது. சோறு எப்படியோ லாரியில் வந்துவிடும் என்ற நம்பிக்கை. 2020-ல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பிரிட்டனில் கோதுமை மாவு கடைகளில் கிடைக்கவில்லை. அங்கே மாவுக்குப் பஞ்சமே இல்லை, ஆலைகள் இரவு பகலாக ஓடின. ஆனால் மாவின் பெரும்பகுதி ரொட்டித் தொழிற்சாலைகளுக்கும் உணவு நிறுவனங்களுக்கும் டேங்கர்களிலும் பெரிய மூட்டைகளிலும் போய்க்கொண்டிருந்தது. சில்லறைக் கடைகளுக்குப் போனது சுமார் 4 சதவீதம்தான். வீட்டில் எல்லோரும் சமைக்க ஆரம்பித்ததும், சின்னப் பைகளில் அடைக்கும் இயந்திரங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதே சமயம் அமெரிக்காவில் பள்ளிகளும் உணவகங்களும் மூடியதால் பண்ணைக்காரர்கள் பாலைக் கீழே ஊற்றினார்கள். இன்னொரு பக்கம் மக்கள் இலவச உணவுக்கு வரிசையில் நின்றார்கள்.

ஒரே வழியை மட்டும் நம்பி மற்ற வழிகளை மூடிக்கொண்டே வந்ததன் விளைவு இது. ஒவ்வொரு வழியை மூடும்போதும் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். சின்ன ஆலை லாபமில்லை, மூடு. சந்தை போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஊருக்கு வெளியே தள்ளு. பக்கத்து வயல் வீட்டுமனையானால் விலை அதிகம், விற்றுவிடு. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயம். மொத்தமாகப் பார்த்தால் ஒரே ஒரு கயிற்றில் தொங்குகிறோம்.

வழக்கம் என்பதையும் இப்படித்தான் 'லாபமில்லை' பட்டியலில் போடுகிறார்கள். பாலித் தீவில் நடந்தது எனக்கு மறக்கவே முடியாத பாடம். அங்கே வயல்களுக்கு நீர் பங்கிடுவதை சுபக் என்ற உழவர் சங்கங்கள் பார்த்துக்கொள்கின்றன. யார் எப்போது நடவேண்டும், யார் எப்போது தரிசு போடவேண்டும் என்பதை நீர்க்கோயில்களில் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். 1970-களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் வந்து, கோயில் காலண்டரை விடுங்கள், முடிந்த மட்டும் அடிக்கடி நடுங்கள் என்றார்கள். விளைவாக, ஒரு பக்கம் தண்ணீர்த் தகராறு, இன்னொரு பக்கம் புகையான் பூச்சியும் நோயும் பெருகின. பிறகு மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் கணினியில் இதற்கு ஒரு மாதிரியை உருவாக்கிச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோரும் சேர்ந்து தரிசு போட்டால் பூச்சிக்குத் தங்க இடமில்லை. ஆனால் தீவு முழுக்க ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவை அந்தக் கோயில் கூட்டங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தன.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. தலைமடைக்காரர் ஏன் கடைமடைக்குத் தண்ணீர் விடவேண்டும்? நல்ல மனசு மட்டும் காரணமில்லை. விடாவிட்டால் கடைமடைக்காரர் தன் இஷ்டப்படி எப்போதாவது நடுவார், அங்கே பெருகும் பூச்சி மேலே ஏறி வந்து தலைமடை வயலையும் தின்னும். பங்கிட்டால் இருவருக்கும் விளையும். பூசை, விருந்து, முறை என்று வெளியே தெரிவதற்கு உள்ளே இவ்வளவு கறாரான அறிவு ஓடுகிறது. 2012-ல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மகிழ்ச்சி. ஆனால் பட்டயம் கொடுத்துவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடாது. இன்று அந்தத் தண்ணீருக்கும் நிலத்துக்கும் சுற்றுலா விடுதிகள் போட்டி போடுகின்றன.

இதைவிட நேராக நகரத்தோடு ஒட்டியது கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலம். சுமார் 12,500 ஹெக்டேர். நகரத்தின் கழிவுநீர் 'பேரி' என்ற ஆழமில்லாத குளங்களுக்குப் போகிறது. வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்ய, பாசியை மீன் தின்ன, மீன் நகரத்துக்கே திரும்பி வருகிறது. மிச்ச நீர் வயலுக்கு. எவ்வளவு கழிவை எப்போது உள்ளே விடுவது, எவ்வளவு நாள் காயப் போடுவது என்பதெல்லாம் அங்குள்ள மீனவர்களின் அனுபவ அறிவு. சுகாதாரப் பொறியாளர் துருபஜோதி கோஷ் 1980-களில் இதைப் பார்த்துத் திகைத்து, தன் வாழ்நாளை அதைக் காப்பதிலேயே செலவிட்டார். 2002-ல் அந்த நிலம் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. இருந்தும் மண் கொட்டிக் குளத்தை மூடுவது நிற்கவில்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் நாம் அதை வளர்ச்சி என்கிறோம். அதே வேலையைச் செய்து மேலே மீனும் கொடுக்கும் மனிதர்களை 'ஆக்கிரமிக்கத் தகுந்த காலி இடத்தில்' இருப்பவர்களாகப் பார்க்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கலாச்சாரம் என்றதும் கண்ணை மூடிக் கும்பிட நான் தயாரில்லை. பல இடங்களில் விதையைக் காப்பது, உணவைப் பதப்படுத்துவது, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாமே கூலி இல்லாமல் பெண்கள் தலையில் விழுகிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு 'சமூகத்தின் மீள்திறன்' என்று பெயர் சூட்டினால் அது சுரண்டல். அரசு தன் கடமையைக் கைகழுவவும் இந்தச் சொல் வசதியாகிவிடும். பராமரிப்பு வேலை என்றால் அதற்குச் சம்பளம் இருக்கவேண்டும், அதைச் செய்பவருக்கு முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி இருக்கவேண்டும்.

இதைச் சரியாகச் செய்த நகரங்களும் இருக்கின்றன. பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டி 1993-ல் உணவு ஒவ்வொருவரின் உரிமை என்று சட்டமாக்கி, அதற்கென்று ஒரு துறையே தொடங்கியது. அவர்கள் நடத்தும் மக்கள் உணவகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம். ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. வடிவமைப்பு என்று நான் சொல்வது இதையும்தான். அந்த மேசையில் உட்காருபவர் தலைகுனிய வேண்டியதில்லை. எல்லோரும் சாப்பிடும் இடம் என்பதால் தரம் குறைந்தால் குரல் எழும். இந்த உணவுத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு நகர பட்ஜெட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ 2001 பொருளாதாரச் சரிவில் நொறுங்கிப்போன நகரம். அடுத்த ஆண்டே காலி நிலங்களில் பயிரிடும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். ரயில் பாதை ஓரம், வெள்ளம் தேங்கும் தாழ்வான மனை என்று யாருக்கும் வேண்டாத நிலங்கள். விளைந்ததை விற்க நகரத்துக்குள்ளேயே சந்தைகள் அமைத்துக் கொடுத்தார்கள். வேலை போனவர்களுக்கு, அதிலும் முக்கியமாகப் பெண்களுக்கு, கையில் காசு வந்தது. அப்புறம் அந்தத் தோட்ட மண் மழைநீரை உறிஞ்சியது, சுற்றுப்புறச் சூட்டையும் குறைத்தது. பசிக்காக ஆரம்பித்தது வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் சேர்த்து உதவியது.

இதை வைத்து, மாடியில் நாலு தொட்டி வைத்தால் நகரம் தப்பித்துவிடும் என்று யாரும் கிளம்பவேண்டாம். சோவியத் ஒன்றியம் உடைந்து எரிபொருளும் உரமும் நின்றபோது ஹவானா நகரத் தோட்டங்களால் தன் காய்கறித் தேவையைப் பெரிதும் சமாளித்தது, அது பெரிய சாதனை. ஆனாலும் கியூபா தன் உணவில் பெரும்பகுதியை இன்றும் இறக்குமதிதான் செய்கிறது. தானியமும் பருப்பும் பரந்த வயலில்தான் விளையும். நகரத் தோட்டத்தின் உண்மையான பலன், உணவு எங்கிருந்து எப்படி வருகிறது என்று தெரிந்த மனிதர்களை அது நகரத்துக்குள் வைத்திருப்பது. அவர்கள் இருக்கும் நகரம்தான் தன்னைச் சுற்றியுள்ள வயல்களையும் காப்பாற்றப் போராடும்.

2015-ல் மிலானில் கையெழுத்தான நகர உணவுக் கொள்கை ஒப்பந்தத்தில் இன்று 250-க்கும் மேற்பட்ட நகரங்கள் சேர்ந்துள்ளன. கையெழுத்து எளிது. உங்கள் நகரம் அதில் இருக்கிறதோ இல்லையோ, புதுப் பூங்கா, சந்தை இடமாற்றம், வெள்ளத் தடுப்பு என்று ஏதாவது கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தால் தயவுசெய்து போங்கள். மழை பெய்யாத நாளில் இந்த இடம் யாருக்குப் பயன்படும் என்று கேளுங்கள். கட்டிய பிறகு பத்து வருஷப் பராமரிப்புக்குப் பணம் எங்கே, யார் கையில் என்று கேளுங்கள். அந்த இடத்தில் இப்போது காய்கறி விற்பவரும் மீன் பிடிப்பவரும் வரைபடம் போட்ட அறைக்குள் இருந்தார்களா என்றும் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள், நான் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.