வெள்ளம் மட்டும் போதாது மக்கா, உப்பும் வேணும்

"நம்ம குமரியில என்ன வெயிலு? வேலூர்க்காரன் கேட்டா சிரிப்பான்" என்று மைதானத்தில் ஒரு அண்ணன் சொன்னார். ஒரு வாரமாக அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் நமக்கு 33, 34 தான் காட்டும். அது சரிதான். ஆனால் நமக்குக் கடல் பக்கம், காற்றில் ஈரம் அதிகம். வேர்வை ஆவியானால்தான் உடம்புச் சூடு இறங்கும். சட்டை நுனியில் சொட்டி மண்ணில் விழும் வேர்வையால் ஒரு குளிர்ச்சியும் கிடையாது. தண்ணீரும் (நம்மூர் பேச்சில் வெள்ளம்) உப்பும் போனதுதான் மிச்சம்.

பள்ளியில் பந்து விளையாடிய காலத்தில் எங்கள் பயிற்சியாளர் இடையில் வெள்ளம் குடிக்க விடமாட்டார். "குடிச்சா வயிறு பிடிக்கும்லே, ஓடு" என்பார். ஒரு ஏப்ரல் மதியம் என்னோடு ஓடிய பையன் பேச்சு குழறி, கோல் போஸ்டுக்கு எதிர்த்திசையில் நடந்தான். நாங்கள் சிரித்தோம். பிறகு விழுந்தான். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கிணற்று வெள்ளத்தைக் குடம் குடமாக அவன்மேல் ஊற்றினார், பிழைத்துக்கொண்டான். வெயில் தாக்கியதன் அடையாளமே அந்தக் குழறல்தான் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதே "குடிக்காதலே" இன்றும் சில மைதானங்களில் காதில் விழுகிறது. கோபம் கோபமாக வருகிறது.

போன மாதம் ஒன்று செய்து பார்த்தேன். சாயங்காலம் விளையாடப் போகுமுன் எடை 71.4 கிலோ. ஒண்ணேகால் மணி நேரம் ஆடிவிட்டு, நடுவில் அரை லிட்டர் குடித்தும், திரும்பி வந்தபோது 70. அப்படியென்றால் போன வேர்வை 1.9 லிட்டர். ஒரு லிட்டர் வேர்வையில் சராசரியாக 1 கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். உப்புக் கணக்கில் என் உடம்பை விட்டுப் போனது முக்கால் தேக்கரண்டி. வெறும் வெள்ளத்தால் அதை ஈடுகட்ட முடியாது. அளவுக்கு மீறி வெறும் வெள்ளம் குடித்தாலும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள், 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது.

"கருக்கு குடிச்சா போதுமே" என்பார்கள். எனக்கும் கருக்கு என்கிற இளநீர் உயிர். ஆனால் அதில் பொட்டாசியம்தான் ஏராளம், சோடியம் கொஞ்சம். வேர்வையில் போவதோ நேர்மாறு. கருக்கோடு ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள், அல்லது உப்புப் போட்ட போஞ்சி (எலுமிச்சை ஜூஸ்) குடியுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேலே நம் தாத்தாமார் வயலுக்குப் போகுமுன் குடித்த உப்புக் கஞ்சிவெள்ளம். கஞ்சியின் மாவுச்சத்து வயிற்றில் குளுக்கோஸாகப் பிரியும். குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து குடல் வழியே உள்ளே போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். வேலை செய்வதும் இதே வழியில்தான். அரிசி மாவில் செய்த ஓ.ஆர்.எஸ்.ஸை வங்கதேசத்தில் காலரா நோயாளிகளுக்கே கொடுத்திருக்கிறார்கள். கஞ்சி இல்லையென்றால் 1 லிட்டர் வெள்ளத்தில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி. உப்பு அதற்குமேல் வேண்டாம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

தெம்புக்கு மட்டிப்பழம் (சின்ன வாழைப்பழம்) இரண்டு போதும். ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) என்றால் ஒரு மணி நேரம் முன்னாலேயே சாப்பிட்டுவிடுங்கள். அக்கானி (பதநீர்) ஆட்டம் முடிந்தபிறகு. அதன் இனிப்பு ஓடும்போது வயிற்றில் கனக்கும்.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் அம்மா அப்பாமாரே, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை குடிக்க விடச்சொல்லிப் பயிற்சியாளரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். லீவு முடிந்து வரும் பிள்ளையை முதல் நாளே முழு ஆட்டம் ஆடவிடக் கூடாது, உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். எந்தப் பையனாவது பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குச் சொல்லிவிட்டு நிழலில் கிடத்தி, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் வெள்ளத்தை ஊற்றிக்கொண்டே இருங்கள், அன்றைக்கு அந்த அம்மா ஊற்றியதுபோல.