715 கிராம் கேமராவும் தேங்காய் மண்டித் தராசும்

விலை கூடின சினிமா கேமராவும் விலை குறைந்த கேமராவும் ஒன்றுதான் என்று சொல்கிற அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று காலையில் மாமா பையனும் அனுப்பினான். "அப்போ இத்தனை நாளா நீ சொன்னதெல்லாம் பொய்யா?" என்று கேட்டிருந்தான். ரெண்டு நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இனி முடியாது.

அதில் என்ன செய்தார்கள் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஏசி ரூமில் ஜன்னலோரம் ஒரு பெண்ணை உட்கார வைத்து, இந்தப் பக்கம் ஆரி கம்பெனியின் பெரிய சினிமா கேமரா அலெக்ஸா 35, அந்தப் பக்கம் சோனியின் சின்னக் கேமரா எஃப்எக்ஸ்3. ரெண்டுக்கும் ஒரே மாதிரி கலர் செய்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லி, அரைக் கோடிக் கேமராவுக்கும் நாலு லட்சக் கேமராவுக்கும் வித்தியாசமே இல்லை என்று முடித்துவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். "மிச்சமெல்லாம் பெட்டி தூக்குறவங்க பில்லு ஏத்துற வேலை" என்று ஒரு வரி வருகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பதினாலு வருஷமாகக் கேமரா அசிஸ்டெண்டாக அந்தச் சாமான் பெட்டிகளோடுதான் நான் இருக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். படப்பிடிப்பில் வேலை செய்வது வெறும் பாடி, அதாவது லென்ஸ்கூட மாட்டாத கேமரா, இல்லை. லென்ஸ், அதன் முன்னால் வெளிச்சத்தை மறைத்து ஃபில்டரைத் தாங்குகிற மேட் பாக்ஸ், ஃபில்டர், ஃபோகஸ் மாற்றுகிற மோட்டார், மானிட்டர், படத்தை வயரில்லாமல் அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர், பேட்டரி, கேபிள் எல்லாம் சேர்ந்து நிற்கிறதே, அதுதான் கேமரா. ஒப்பிடுவதாக இருந்தால் அதை ஒப்பிடுங்கள். அரிசியை மட்டும் பார்த்துவிட்டு ரெண்டு கல்யாணச் சாப்பாட்டுக்கு மார்க் போட முடியுமா?

போன வருஷம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்னப் படம் செய்தோம். அதே எஃப்எக்ஸ்3தான். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 715 கிராம். "கையிலேயே புடிச்சு எடுத்துடலாமேப்பா, எதுக்கு இவ்வளவு சாமான்?" என்று மேனேஜர் கேட்டார். முதல் நாள் ஒரு தேங்காய் மண்டியில் ஷூட்டிங். சாமான்களை மாட்டச் சுற்றிலும் கேஜ் என்கிற சட்டம் போட்டோம், சினிமா லென்ஸ் மாட்ட பிஎல் அடாப்டர் போட்டோம், பிரைம் லென்ஸ் ஏறியது. 15 எம்எம் ராடு, மேட் பாக்ஸ், மோட்டார், டிரான்ஸ்மிட்டர், ஆபரேட்டருக்கு ஒரு மானிட்டர், இத்தனைக்கும் கரண்ட் கொடுக்கப் பின்னால் ஒரு வி-மவுண்ட் பேட்டரி. அங்கே கொப்பரை நிறுக்கிற எலெக்ட்ரானிக் தராசு இருந்தது. கேமராவைத் தூக்கி அதில் வைத்தேன். 6 கிலோ 840 கிராம். மேனேஜர் குனிந்து அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அலெக்ஸா வரிசையில் சின்னதாக வந்த அலெக்ஸா மினியின் பாடி 2.3 கிலோ. கேஜும் அடாப்டரும் அதற்கு வேண்டாம். அதே லென்ஸோடு வைத்திருந்தால் ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் ஒன்றரை கிலோதான் கூடுதலாக வந்திருக்கும்.

அப்புறம் வெயில். சோனியின் எஸ்-லாக்3 என்கிற பதிவு முறையில் ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், 800. நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/48 நொடி. உச்சி வெயிலில் லென்ஸ் துவாரத்தை நன்றாகச் சுருக்கி எஃப்16 வைத்தாலே வெளிச்சம் நாலு ஸ்டாப் ஓவர். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. பின்னால் இருக்கிற சாக்கு மூட்டைகள் மங்கலாகக் கரைய வேண்டும் என்று துவாரத்தைத் திறந்து 2.8 வைத்தால் இன்னும் அஞ்சு. ஆக ஒன்பது ஸ்டாப் குறைக்க வேண்டும். அலெக்ஸா மினிக்கு உள்ளேயே 0.6, 1.2, 2.1 என்று மூன்று அளவில் என்டி, அதாவது வெளிச்சத்தைக் குறைக்கிற ஃபில்டர், இருக்கிறது. சோனியின் பெரிய சினிமா கேமரா வெனிஸில் எட்டுப் படி. எஃப்எக்ஸ்6இல்கூட உண்டு. எஃப்எக்ஸ்3இல் கிடையாது, முன்னால் கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும். நான் கேட்டிருந்த, அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கிற ஐஆர்என்டி செட்டைப் பட்டியலில் பேனாவால் அடித்துவிட்டு, மேட் பாக்ஸில் மாட்டுகிற அளவைக் கூட்டிக் குறைக்கிற ஒரு வேரியபிள் என்டியை மட்டும் அனுப்பியிருந்தார்கள். வைடு லென்ஸ் போட்டு என்டியை ஏற்றியதும் ஃப்ரேமுக்குக் குறுக்கே சிலுவை மாதிரி கறுப்பு நிழல் விழுந்தது. அகச்சிவப்பு உள்ளே புகுந்து ஹீரோவின் கறுப்புச் சட்டை காப்பிப்பொடி நிறத்தில் தெரிந்தது. கோயம்புத்தூருக்கு ஆள் போய் ஃபில்டர் வாங்கி வர மூன்று மணி நேரம். அதுவரை மொத்த யூனிட்டும் மண்டி நிழலில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஜன்னலோரத்தில் இது எதுவும் தெரியாது. அங்கே வெயில் இல்லை, ஓட்டம் இல்லை, ஃபோகஸ் மாற்றுகிற ஆளும் இல்லை. எஃப்எக்ஸ்3இலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டு போகிற எச்டிஎம்ஐ கேபிள் கொஞ்சம் ஆடினாலே மானிட்டர் கறுப்பாகிவிடும். பெரிய கேமராக்களில் வருகிற எஸ்டிஐ கேபிள் மாதிரி அது பூட்டிக்கொள்ளாது. நல்ல நடிப்பு போய்க்கொண்டிருக்கும்போது அப்படி ஆகிவிட்டால் டைரக்டர் யாரைத் திட்டுவார்? கேமரா பாடியையா?

அலெக்ஸாவில் இருக்கிற தொல்லையையும் அந்த வீடியோ சொல்லவில்லை. 2022இல் அலெக்ஸா 35 வந்தபோது, அதுவரை கையில் வைத்திருந்த 14.4 வோல்ட் வி-மவுண்ட் பேட்டரிகளால் அதை நேரடியாக ஓட்ட முடியவில்லை. 24 வோல்ட் பி-மவுண்ட் வேண்டியிருந்தது. பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றுக்கும் புதுச் செலவு. நேர்மையாக ஒப்பிடுகிறவர் இதையும் சொல்லியிருப்பார்.

"ஹாலிவுட்ல 'தி கிரியேட்டர்' எஃப்எக்ஸ்3லதானே எடுத்தாங்க?" என்று கேட்பீர்கள். ஆமாம், 2023இல் வந்தது. சுமார் 8 கோடி டாலர் படம். அகலத் திரைக்கான அனமார்ஃபிக் லென்ஸ், கேமராவை ஆடாமல் தாங்குகிற கிம்பல், வெளியே தனியாக ஒரு ரெக்கார்டர், எல்லாம் வைத்துத்தான் எடுத்தார்கள். பாடியில் மிச்சம் பிடித்ததை மற்றதற்குச் செலவு செய்தார்கள். நானும் அதைத்தானே சொல்கிறேன்!

"நீங்க அலெக்ஸா ஆளு" என்று சொல்வார்கள். இல்லை. காருக்குள் வைக்க, பைக்கில் கட்ட ரெட் கொமோடோ கேமராவை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். பாடி ஒரு கிலோகூட இல்லை, வேகமான ஓட்டத்தில் படம் சாயாத குளோபல் ஷட்டர் வேறு. ஆட்டோவுக்குள் எடுக்க வெனிஸின் ரியால்டோ இணைப்பு ரொம்ப வசதி. சென்சார் பகுதியை மட்டும் கழற்றி கேபிளில் உள்ளே கொண்டு போய்விடலாம். வாடகையில் கொள்ளை அடிக்கிறார்கள் என்கிறீர்களா? சில இடங்களில் நடக்கிறது, அதைத் தனியாகப் பேசலாம். முதல் படம் எடுக்கிற பிள்ளைகள் கையில் இருப்பதை வைத்து எடுக்கட்டும், கூப்பிட்டால் நானே வருகிறேன். ஆனால் என்டியும் கேபிளும் பில் ஏற்றுகிற வேலை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கோபம் என்று வீட்டில் கேட்டார்கள். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அலெக்ஸா மினியில் ஒரு படம், நைட் ஷூட். எங்கள் தொழிலில் ஒரு வரிசை உண்டு. முதலில் பவர் கேபிள், அப்புறம்தான் எஸ்டிஐ. கழற்றும்போது எஸ்டிஐ முதலில். மாற்றிச் செய்தால் பவரின் கிரவுண்ட் கரண்ட் எஸ்டிஐ கேபிள் வழியாகப் பாய்ந்து போர்டைச் சுட்டுவிடும். பவர் கேபிளில் கிரவுண்ட் விட்டுப்போனாலும் அதே கதிதான். டிரான்ஸ்மிட்டருக்குக் கரண்ட் கொண்டு போகிற டி-டாப் கேபிள் லொடலொடவென்று ஆடுகிறது, மாற்று செட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டார்கள். பத்தாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டிரான்ஸ்மிட்டர் ஒரு தடவை அணைந்து எரிந்தது. லேசாகப் பிளாஸ்டிக் கருகின வாசனை. கேமராவின் ஒரு எஸ்டிஐ அவுட் செத்துப்போனது.

நான் வரிசையை மாற்றவில்லை. யாரும் கேட்கவில்லை. ரிப்பேர் செலவில் ஒரு பங்கை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்தக் கேபிளின் விலையைவிடப் பல மடங்கு அது. அதைக்கூட மறந்துவிடுவேன். எல்லார் முன்னாலும் "கேபிள் மாட்டத் தெரியாதவனெல்லாம் கேமரா அசிஸ்டெண்ட்" என்று சொன்னதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதே குரல்தான் எனக்கு அந்த வீடியோவில் கேட்டது.

பெட்டி தூக்குறவங்க என்றீர்களே, எங்கள் யூனிட்டில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். மே மாத வெயிலில் கேமரா சூடாகி ஃபேன் சத்தம், ஷூட்டிங்கிலேயே பதிவாகிற சிங்க் சவுண்டில் விழக்கூடாது என்று அதற்குக் குடை பிடிப்பான். குடைக்குள் கேமரா இருக்கும், அவன் வெயிலில் நிற்பான். முந்தாநாள் அந்த வீடியோவை அவனும் பார்த்திருக்கிறான். "அண்ணே, இனிமே ஆளு கம்மி பண்ணிடுவாங்களா?" என்று கேட்டான். வீடியோ போட்ட தம்பி, அவனுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

நாளை காலை 5 மணிக்குக் கால்ஷீட். பட்டியல் அனுப்பியாயிற்று. ஐஆர்என்டி ஒரு செட், டி-டாப் கேபிள் ரெண்டு செட், குடை ரெண்டு. ஒன்று கேமராவுக்கு, ஒன்று அவனுக்கு. அடித்துத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் எழுதி அனுப்புவேன்.