போர்டில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காதீர்கள்

அமெரிக்காவில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். நியூஜெர்சியில் என் மனைவியின் ஒற்றைத் தலைவலிக்காக நான்கு மாதம் காத்திருந்தோம். கடைசியில் கிடைத்தவர் வலிப்பு நோய் நிபுணர். நல்ல மனிதர், ஆனால் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

சரி, அதே குரூப்பில், அதாவது பல டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் அந்த மருத்துவ நிலையத்தில், தலைவலிக்கென்றே ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் மாற்றிக்கொள்ளலாம் என்று கேட்டோம். "எங்கள் குரூப்பில் டாக்டர் மாறுவதற்கு அனுமதி இல்லை" என்று வரவேற்பில் இருந்த பெண் சொன்னபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பல குரூப்களில் இப்படி ஒரு விதி இருக்கிறது. அதனால் முதல் போனிலேயே நோயைச் சொல்லி, அதை அதிகம் பார்ப்பவர் யார் என்று கேட்டுவிடுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயமும் அப்படித்தான். டாக்டர் பெயர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இருந்தால் போதாது, நீங்கள் போகும் கிளையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கடந்த 3 ஆண்டுகளில் அதே குரூப்பில் அதே துறை, அதே உட்பிரிவு மருத்துவரைப் பார்த்திருந்தால் பில்லில் நீங்கள் பழைய நோயாளி. புது நோயாளி என்று போட்டுக் கூடுதலாகக் கேட்டால் விளக்கம் கேளுங்கள்.

நாங்கள் ஒருவழியாக வேறு குரூப்பில் ஒரு டாக்டரைப் பிடித்தோம். மனைவி சமையலறைக் காலண்டரில் வலி வந்த நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். அதையே கழற்றி எடுத்துப் போனோம். அந்த டாக்டரம்மா ஒவ்வொரு மாதமாகப் புரட்டி எண்ணிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.