மாணவர்களின் கலை நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன

எங்கட பக்கத்துப் பாலர் பாடசாலை ஒன்றைப் பற்றி வருகிற செய்தியை எடுத்து வாசித்துப் பாருங்கள். முதல் வரியில் பாடசாலையின் பெயர். அடுத்த வரியில் பிரதம அதிதி, அவருடைய பதவி, அதற்கு முன்னர் வகித்த பதவி. பிறகு கௌரவ அதிதிகள், சிறப்பு அதிதிகள், ஆன்மீக அதிதிகள். அந்தப் பட்டியல் முடிய வாசிக்கிற ஆளுக்கு மூச்சு வாங்கும். ஆகக் கடைசியில், இடம் மிஞ்சினால்: "மாணவர்களின் கலை நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன." அவ்வளவுதான். என்ன நிகழ்ச்சி, எந்தப் பிள்ளை என்ன செய்தது, ஒன்றும் இல்லை. படங்களும் அப்படித்தான். விளக்கேற்றுகிற படம், மாலை போடுகிற படம், பொன்னாடை போர்த்துகிற படம். பிள்ளைகள் எங்கேயோ தூரத்தில், மைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்பார்கள்.

கார்த்திகை, மார்கழி வந்தால் இது உச்சத்துக்குப் போகும். பாலர் பாடசாலையை முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு வைக்கிற விடுகை விழாக்காலம். மட்டக்களப்பில் மழையும் அந்த மாதங்களில்தான். வீதியில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்க, ஐந்து வயசுப் பிள்ளையைக் கறுப்புக் கவுணும் தலையில் நிற்காத தொப்பியுமாக, குடைக்குள் வைத்து மண்டபத்துக்குக் கொண்டு போகிற தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். பட்டம் வாங்கப் போகிறதாம் பிள்ளை. தை மாதம்தான் ஒன்றாம் ஆண்டுக்கே போகப் போகிறது.

நக்கலாக எழுத நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ரீச்சர்மாரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இந்த விசயத்தில் எல்லாரும் அவர்களைத்தான் ஏசுகிறார்கள். "ஆடம்பரம் கூடிப் போச்சு", "காசு பறிக்கிறாங்க" என்று கொமென்ட் போடுகிறார்கள். அந்த விழா ஏன் வைக்கப்படுகிறது என்று கேட்கிற ஆளைக் காணவில்லை.

என்ட மச்சாள் ஒருத்தி வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில் முன்பள்ளி ரீச்சர். விடியக் காலையில் ஸ்கூட்டியை எடுத்து மண்முனைப் பாலத்தால் போனால், முதல் வேலை கூட்டுகிறது. இரவில் மாடு வந்து படுத்திருந்தால் சாணி அள்ளுகிறது. பிறகு பிள்ளைகள். பாட்டு, கதை, களிமண், கை கழுவ வைக்கிறது, சாப்பாடு கொடுக்கிறது, வயிற்றால் போன பிள்ளைக்குக் கழுவி விடுகிறது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டி விடுகிறது. பிள்ளைகள் போன பிறகு பதிவேடு, சுவருக்கு வெட்டி ஒட்டுகிற வேலை. இவ்வளவுக்கும் மாகாணத்தால் வருவதற்குப் பெயர் கொடுப்பனவு. சம்பளம் என்று சொல்ல ஏலாது. வயல் கூலிக்குப் போகிற ஆள் ஒரு கிழமையில் உழைக்கிற காசை இவள் கொடுப்பனவாக ஒரு மாதத்தில் காணமாட்டாள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 1000 ரூபாய் கூட்டினார்கள். கூட்டினது நல்லம்தான். அதற்காக வீட்டில் பாற்சோறு ஆக்கிற அளவுக்குச் சந்தோசம் ஒன்றும் வரவில்லை.

மிச்சம் பிள்ளைகளிடம் எடுக்கிற மாதக் காசு. தகப்பனுக்குக் கடலில் பாடு இருந்தால் வரும், இல்லாவிட்டால் அடுத்த மாதம். பிள்ளை கூடினால் வருமானம் கூடும், குறைந்தால் அடுப்பெரியாது. அதோடு கோயிலடியில் ஒரு முன்பள்ளி, சேர்ச்சுக்குள் ஒன்று, சங்கக் கட்டடத்தில் ஒன்று, யாரோ ஒருவரின் வீட்டு விறாந்தையில் இன்னொன்று. பெற்றோர் எதைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கிறார்கள்? போய் ஒரு நாள் வகுப்பில் இருந்து பார்த்தா சேர்க்கிறார்கள்? பேஸ்புக்கைப் பார்த்துத்தான்.

மச்சாள் சொன்னதை அப்படியே போடுகிறேன். "மச்சான், நாங்க களிமண்ணில பாம்பு செஞ்சதப் படம் எடுத்துப் போட்டா ஆரு பாக்கிற? கவுண் போட்டுப் போட்டாத்தான் தை மாசம் ஆக்கள் போம் கேட்டு வருவாங்க."

விளங்குதா? விடுகை விழா என்பது சம்பளம் இல்லாத ஒரு ரீச்சரின் விளம்பரம். பக்கத்து முன்பள்ளி மண்டபம் எடுத்தால் இவளும் எடுக்க வேண்டும். அவர்கள் ட்ரோன் கமெரா விட்டால் இவளும் யாரிடமாவது ட்ரோன் இரக்க வேண்டும். ஒழுங்கான சம்பளத்தை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள், இந்த விழாக்களில் பாதி தானாக நின்று விடும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதை யாரும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

விழா ஒன்றுமே வேண்டாம் என்று சொல்கிற கூட்டத்திலும் நான் இல்லை. பிள்ளை ஏதாவது செய்கிற விழாவும் இருக்கிறது, பிள்ளையைக் காட்டுகிற விழாவும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

முதலில் காட்டுகிற வகை. ஒரு விளையாட்டு விழா. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆடி மாதத்துக் கச்சான் காற்று, மைதானத்தில் மண் பறக்கிறது. அழைப்பிதழில் பிற்பகல் 2.30. பிரதம அதிதி வந்து இறங்கும்போது 4 மணி தாண்டி விட்டது. அதுவரைக்கும் பாண்ட் வாத்திய உடுப்புப் போட்ட பிள்ளைகள் வரிசையில். இருத்தினால் உடுப்பு ஊத்தையாகும் என்று நிற்க வைத்திருந்தார்கள். வண்ணத்துப்பூச்சி நடனத்துக்குச் செட்டை கட்டின ஒரு பிள்ளை, ஒரு செட்டையை மடக்கி வைத்துக்கொண்டு ட்ரம்முக்குப் பக்கத்தில் மண்ணிலேயே படுத்து நித்திரையாகி விட்டது. கன்னத்துச் சிவப்புச் சாயம் எல்லாம் மண். பாட்டுப் போட்டதும் எழுப்பி நிறுத்தினார்கள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தாயைக் கண்டதும் அழுதுகொண்டு நேரே நடந்து வந்து விட்டது. ஒலிபெருக்கியில் "வண்ணத்துப்பூச்சி பறந்து போகிறது" என்று பகிடி விட்டார்கள். சனம் சிரித்தது. அதிதி மேடையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே விழாவில் தாரா நடையும் பலூன் உடைக்கிறதும் வந்தபோது அந்தப் பிள்ளைகளையே பார்க்க வேண்டும். யாரும் சொல்லாமலே பாய்ந்து வந்தார்கள். நாலு நிகழ்ச்சி அப்படி வைத்து, காலமை வெயில் ஏற முதல் முடித்து, ஆளுக்கொரு தோடம்பழம் கொடுத்து அனுப்பியிருந்தால் எவ்வளவு நல்லம்.

இனி மற்ற வகை. சிறுவர் சந்தை. பாலர் பாடசாலைகளில் நடக்கிற விசயங்களில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான். வீட்டில் இருக்கிறதைக் கொண்டு வந்து பிள்ளைகள் விற்கிறது. முருங்கையிலை, பொன்னாங்காணி, ஜம்பு, தேசிக்காய், அம்மம்மா சுட்ட பயத்தம் பணியாரம், உறையில் கட்டின கச்சான். கடதாசி மட்டையில் விலை எழுதிக் குத்தியிருக்கும். நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால் சில பிள்ளைகள் சாமானையும் தந்து, அதே நூறையும் மிச்சக்காசாகத் திருப்பித் தரும். ரீச்சர் பக்கத்தில் இருந்து, "மனே, எண்ணிப் பாருங்க, மாமாக்கு எவ்வளவு குடுக்கணும்?" என்று கேட்பா. பிள்ளை விரலை எண்ணும். கணக்கு அங்கேதான் நடக்கிறது.

ஒரு பெடியன் மூன்று வெள்ளரிப்பழம் கொண்டு வந்திருந்தான். இரண்டை விற்று விட்டான். மூன்றாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஒரு ஐயா விலையைக் கூட்டிக் கேட்டார், தரமாட்டான். தாய் வந்து கண்ணை உருட்டினாள், அப்போதும் தரமாட்டான். ரீச்சர் சொன்னதுதான் அருமை: "கடைக்காரருக்கு விக்க மனமில்லண்டா நாம என்ன செய்யிற? வேற கடையப் பாருங்க ஐயா." அந்த ஐயா உண்மையாகவே அடுத்த கடைக்குப் போய் முருங்கையிலை வாங்கினார். சந்தை முடிந்து எல்லாரும் கட்டிக்கொண்டு போகும்போது அவன் அந்தப் பழத்தைப் பிளந்து சீனி போட்டுக் கூட்டாளிகளோடு தின்றுகொண்டிருந்தான். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. மட்டை, கம்பு, இரண்டு படங்கு. ஆனால் செய்தியில் வராது, ஏனென்றால் பிரதம அதிதி இல்லை.

பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்று போட்டிருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரியா மொண்டிசோரி தன் முதல் சிறுவர் இல்லத்தை 1907 ஜனவரி மாதம் 6 ஆம் திகதி திறந்தது ரோம் நகரத்தின் சான் லொரென்சோவில், கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு. 1944 இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுத்தவர். அவர் எழுதி வைத்த ஒரு சம்பவம் இருக்கிறது. நன்றாகச் செய்த பிள்ளைக்கு வெள்ளைப் பட்டியில் கோத்த ஒரு வெள்ளிச் சிலுவையைப் பரிசாக மாட்டியிருந்தார்கள். இன்னொரு பிள்ளையைத் தண்டனையாகக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். பரிசு வாங்கின பிள்ளை வேலை மும்முரத்தில் சிலுவையைக் கீழே போட்டு விட்டது. கதிரையில் இருந்தவன் எடுத்துக் காட்டினான், அது கவனிக்கவே இல்லை. "நான் போடட்டா?" என்று கேட்டான். "போடு" என்று விட்டு அது தன் வேலைக்குப் போய் விட்டது. பிள்ளைகளுக்குப் பதக்கம் தேவையில்லை, வேலைதான் தேவை என்று மொண்டிசோரி கண்டுகொண்டது அப்படித்தான். எங்கட மொண்டிசோரிகளில் ஒரு பிள்ளைக்கு வருசம் முடிய எத்தனை பதக்கம், எத்தனை கிண்ணம் என்று வீட்டு ஷோகேசைப் பார்த்தால் தெரியும்.

பெற்றோரையும் சும்மா விட ஏலாது. கொப்பியில் ஒரு பக்கம் எழுதாமல் பிள்ளை வீட்டுக்கு வந்தால், "இண்டைக்கு ஒண்டும் படிப்பிக்கலயா?" என்று கேட்டு அனுப்புகிறோம். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்பு இருக்கிறது. நாலு வயசில் அதில் எல்லாமே எலும்பாகியிருக்காது, சிலது இன்னும் குருத்துத்தான். பென்சிலை இறுக்கிப் பிடித்து வரி வரியாக எழுத அந்தக் கை இன்னும் தயாரில்லை. களிமண் பிசையலாம், மணல் அள்ளலாம், புளியங்கொட்டை பொறுக்கலாம். எங்கட ஏடு தொடக்கலை யோசித்துப் பாருங்கள். விஜயதசமிக்குப் பிள்ளையை மடியில் வைத்து அரிசியில் விரலால்தான் எழுத வைக்கிறோம். அடுத்த நாளே கையில் பென்சிலும் நாலு கோட்டுக் கொப்பியும் கொடுத்து விடுகிறோம்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி என்று பெருமையாகச் சொல்கிறோம். 1945 இலிருந்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது ஐந்து வயசில், ஒன்றாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. மூன்று வயசும் நாலு வயசும் தாய் தகப்பனின் பாடு. 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் முன்பள்ளி நிர்வாகத்தின் மேற்பார்வையை மாகாண சபையிடம் கொடுத்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலும் இல்லை, சபையும் இல்லை. மாகாணத்தை நடத்துவது கொழும்பால் நியமிக்கிற ஆளுநர். ரீச்சர்மார் கொடுப்பனவு கேட்டு யாருடைய வாசலில் போய் நிற்கிற? எங்கட ஆக்கள் 13 ஐப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம் எல்லாம் வரும். அதே திருத்தத்துக்குள் இருக்கிற பாலர் பாடசாலையைப் பற்றி ஒரு வசனம் வராது. ஆனால் விடுகை விழாவுக்குக் கூப்பிட்டால் கட்டாயம் வருவார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 60 ரூபாயாக இருந்ததை 2025 இல் 100 ஆக்கினார்கள். அது பெரிய உதவி. தாய் குவைத்திலோ சவூதியிலோ இருக்க, அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகள் எங்கட மாவட்டத்தில் எத்தனை என்று தெரியும்தானே. வெறும் தேத்தண்ணியோடு வருகிற பிள்ளைக்குக் கௌபியும் முட்டையும் கிடைத்தால் பத்து மணிக்கு அது எப்படி ஓடித் திரிகிறது என்று மச்சாளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவாள். இதைத்தான் செய்தியாகப் போட வேண்டும்.

அம்மம்மா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒக்டோபர் மாதம் 1 ஆம் திகதி எங்கட நாட்டில் சிறுவர் தினம். அதே நாள்தான் முதியோர் தினமும். இரண்டும் ஒரே நாளில் வந்திருக்க, நாங்கள் ஏன் பிரதம அதிதி தேடி அலுவலகம் அலுவலகமாக அலைகிறோம்? எங்கட வழக்கப்படி பொம்பிளைப் பிள்ளைக்குத்தான் வீடு வளவு. அதனால் தாய்வழி அம்மம்மா அநேகமாகப் பக்கத்து வளவில்தான் இருப்பா. கூப்பிட்டால் காலமையே வந்து விடுவா, ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வரமாட்டா. பொன்னாடையும் கேட்கமாட்டா. ஓலையில் கிலுகிலுப்பை பின்னத் தெரிந்தவ ஒருத்தி இருப்பா, கண்ணகை அம்மன் சடங்கில் படிக்கிற காவியத்தில் நாலு அடி தெரிந்தவ இன்னொருத்தி இருப்பா. பிள்ளைகள் சுற்றி இருந்து கேட்கட்டும்.

எங்கட மகள் போகிற முன்பள்ளியில் இதைப் பெற்றோர் கூட்டத்தில் கதைத்தேன். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், "அப்ப படம் எடுக்கிறதில்லையா?" என்று ஒரு தாய் கேட்டா. எடுக்கலாம், ஆர் வேண்டாம் என்றது. கடைசியில் முடிவானது இதுதான். இந்த வருசம் கவுண் வாடகைக்கும் மண்டபத்துக்கும் சேர்க்க இருந்த காசை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு ரீச்சர் இரண்டு பேருக்கும் வருசக் கடைசியில் கையில் கொடுக்கிறது. மற்றப் பங்கில் முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே பிள்ளைகளுக்கு ஒரு மணல் தொட்டி. விடுகை விழா பாடசாலையிலேயே, வெள்ளைச் சட்டையோடு, அதிதி இல்லாமல். கல் வைக்க மேசன் ஒருவர் சும்மா வந்து செய்து தருவதாகச் சொல்லி விட்டார், அவருடைய பேரனும் அங்கேதான் படிக்கிறான்.

மணல்தான் இன்னும் கிடைக்கவில்லை. அரை ட்ராக்டர் லோட் ஆத்து மணல் போதும். பெர்மிட் உள்ள மணலாக இருந்தால் நல்லம். பாலர் பாடசாலைக்குப் பொலிஸ் வந்து நின்றால் அதுதான் அடுத்த நாள் செய்தியாக வரும். தரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் வாங்க. ஏத்தி இறக்க ஆள் இருக்கிறோம்.